வெள்ளை போர்டில் வாடகை

மொரப்பூரில் ரயில் இறங்கி கவுஸ் பாஷாவின் காரில் ஏறுகிறவர்கள், கதவைச் சாத்தியதுமே அவருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். வண்டியைக் கிளப்பியபடியே கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார்: "வழியில யாராச்சும் நிறுத்திக் கேட்டா, எல்லாரும் ஒரு வூட்டு ஆளுங்க, விசேஷத்துக்குப் போறோம்னு சொல்லிடுங்க. வாடகைன்னு மட்டும் வாயில வரக்கூடாதுங்க." ஒரு பெரியவர் தருமபுரி போய்ச் சேரும்வரை "கவுஸ் பாஷா, கவுஸ் பாஷா" என்று பெயரை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்.

எல்லாம் வண்டியின் முன்னும் பின்னும் இருந்த நம்பர் பிளேட்டால் வந்தது. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கூலிக்கு ஆள் ஏற்ற வேண்டுமென்றால் மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். டிரைவர்கள் அதை 'டி போர்டு' என்பார்கள். அதற்கு பர்மிட் தனி, வரி தனி, இன்சூரன்ஸ் தனி, வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்.சி. வேறு காட்ட வேண்டும். தகட்டின் நிறத்தைப் பார்த்ததுமே வண்டி என்ன வேலைக்கு என்று தெரிந்துவிடும். ஓடும் வண்டியை நிறுத்தாமலே ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரால் அதைக் கண்டுகொள்ள முடியும். பாஷாவின் பயமும் அதுதான்.

விவரம் தெரியாத ஆள் இல்லை அவர். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். யார் யாருடைய லாரிகளோ, அத்தனையிலும் மஞ்சள் தகடு. முதுகு விட்டுப்போன பிறகு லாரியை விட்டார். தருமபுரியில் ஒரு டாக்டர் கைமாற்றிய பழைய காரை வாங்கிக்கொண்டு வீட்டு முன்னால் நிறுத்திய அன்று, அவர் மனைவி ஜான் பீ வெள்ளைத் தகட்டை முந்தானையால் துடைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இது உன்னுடையது என்று ஒரு வண்டி அவரைப் பார்த்துச் சொன்னது. மகள் உஸ்மாவுக்கு வரன் பார்க்க வந்தவர்களிடம் "சொந்தக் கார் இருக்கு" என்று ஜான் பீ சொன்னபோது அவருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குமேல் மஞ்சளுக்கு மாற்ற மனசு வருமா?

மனசு வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. காக்கிச் சட்டை யார் போட்டிருந்தாலும் கால் பிரேக்குக்குப் போனது. கேஸ் சிலிண்டர் போடுகிறவனைப் பார்த்து ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிவிட்டார். நேர் சாலை இருக்க ஏரிக்கரை வழியே சுற்றினார். வீட்டில் போன் அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "உட்காந்து தின்னாத்தான் என்ன?" என்று ஜான் பீ கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்டேஷன் வாசலில் டி போர்டு வண்டிகள் வரிசையில் நிற்கும். பாஷா அந்த வரிசைக்குப் போகாமல் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நிற்பார். வரிசைக்காரர்களில் மூத்தவர் ராஜப்பன். அவர் ஒருநாள் நேரே வந்து கார்க் கதவில் கை வைத்தார்.

"பாஷா, உங்க மேல எனக்குப் பகை இல்லீங்க. நாங்க வரி கட்டி வரிசையில நிக்கறோம். நீங்க மரத்தடியில நின்னு எங்க சவாரிய எடுத்துக்கறீங்க. அது கெடக்கட்டும். நாளைக்கு வண்டி எங்கியாச்சும் மோதி, உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணுன்னா? சொந்த வண்டி இன்சூரன்ஸுல கூலிக்கு ஏத்துன ஆளுக்கு ஒண்ணும் வராதுங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

பாஷா மரத்தடியை விட்டு நகரவில்லை. ஆனால் அன்றிலிருந்து பின் சீட்டில் குழந்தைகள் ஏறினால் வண்டியை மெதுவாகவே விட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, திருப்பூரிலிருந்து வந்த மணிமேகலை அந்தக் காரில் ஏறினாள். ஐம்பதை ஒட்டிய வயது. மடியில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய சின்னக் கலயம். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த புருஷன் மாதப்பன் இறந்துவிட்டான். தன் அஸ்தியை ஒகேனக்கல் காவிரியில்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். கூட வர ஆளில்லை. வாடகை பேசி ஏறி, கதவைச் சாத்தினாள். பாஷா வழக்கமானதைச் சொன்னார்.

"அண்ணா, இத மடியில வச்சிக்கிட்டு நான் பொய் சொல்ல மாட்டேங்க. கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன். வேணாம்னா இங்கியே எறக்கி வுட்டுடுங்க."

குரலில் கோபமில்லை. பாஷா சாவியைத் திருகினார், அணைத்தார், மறுபடியும் திருகினார். இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. தருமபுரி தாண்டியது. வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இண்டூர் தாண்டியதும் புளியமர நிழலில் போக்குவரத்துத் துறை ஜீப் நின்றது.

ஆய்வாளர் வண்டியை நிறுத்தச் சொல்லி, குனிந்து உள்ளே பார்த்தார். "யாருங்கம்மா இவரு?"

"மொரப்பூர்ல வாடகை பேசி ஏறுனேங்க. அஸ்தி கரைக்கப் போறேன்."

அவ்வளவுதான். ஆய்வாளர் சத்தம் போடவில்லை. பர்மிட் இல்லாமல் கூலிக்கு ஓட்டியதாக எழுதி, வண்டியைப் பிடித்துக்கொண்டார். பென்னாகரம் பக்கம் போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியதும் அவரேதான். மணிமேகலை ஏறினாள். அவளுடைய துணிப்பை காரின் பின் சீட்டிலேயே இருந்தது. பாஷா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

"நீங்க எதுக்குங்கண்ணா?"

"ஆத்துல கொண்டாந்து வுடறேன்னுதான பேச்சு."

ஒகேனக்கல்லில் தண்ணீர் பழுப்பாக ஓடியது. பரிசல்காரர் ஓரமாகவே கொஞ்ச தூரம் கொண்டுபோனார். பாஷா கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திரும்பி வந்தவளின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"என்னால உங்க வண்டி போச்சு."

"உங்களால இல்லீங்கம்மா. அது என்னிக்கோ போயிருக்க வேண்டியது."

சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கினார்.

மறுநாள் வேப்பமரத்தடிக்குப் போகாமல் நேரே ராஜப்பனிடம் போனார். ராஜப்பன் குத்திக்காட்டவில்லை. எந்த அலுவலகம், எந்தக் கவுண்டர் என்று கூடவே வந்து காட்டினார். அபராதம் கட்டி வண்டியை மீட்டு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி, தீயணைப்பான் வைத்து, எஃப்.சி. காட்டி, பர்மிட் வாங்கி முடிப்பதற்குள் தை பிறந்துவிட்டது. புதுத் தகடு பொருத்தும் இடத்தில், கழற்ற முடியாத பூட்டு ஆணியை உடைத்து வெள்ளைத் தகட்டை எடுத்தார்கள். எண் அதே எண். ஓரத்து நீல எழுத்தும் ஹாலோகிராமும்கூட முன்போலவே. நிறம் மட்டும் மாறியிருந்தது. பாஷா கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜான் பீ இந்தத் தகட்டைத் துடைக்க வரவில்லை. வரன் வீட்டார் விசாரித்தார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் அதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. நர்சிங் படிக்கிற உஸ்மாதான் ஒருநாள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "போர்டைப் பாத்து வர்றவங்க, போர்டைப் பாத்தே போயிட்டாங்க. வுடும்மா." ஜான் பீ அதற்கும் சமாதானமாகவில்லை.

இப்போது பாஷா வரிசையில் நிற்கிறார். காக்கியைக் கண்டால் கால் இன்னமும் பிரேக்குக்குத்தான் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. சவாரி இல்லாத பகல்களில் வேறு கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பர்மிட் புதுப்பிக்க வேண்டும், டயர் தேய்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமையில்கூட ஒகேனக்கல்லுக்கு ஆள் வரவில்லை. முன்னால் போய்ப் பார்க்கிறார், பின்னால் வருகிறார்.

"செத்த உக்காருங்க பாஷா, ரயிலு இன்னும் ஜோலார்பேட்டையே வரல" என்கிறார் ராஜப்பன்.

உட்காருகிறார். சிக்னல் விழுந்ததா என்று கழுத்து மட்டும் பிளாட்பாரத்தின் பக்கம் திரும்பியே இருக்கிறது.