நயினார் அலசாமல் போன ஆட்டம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செங்கம் போகும் முதல் வண்டியைக் கிளப்பிவிட்டு என் டைம் கீப்பர் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஏழுமலை எதிரே வந்து, "சார், நம்ம நயினார் பூட்டாரு" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "ரோட்லயா?" என்பதுதான். "இல்ல சார், படுக்கையில. காலைல எழுப்பியிருக்காங்க, எழுந்திருக்கல" என்றான். எனக்கு மூச்சு வந்தது. சாவுச் செய்தியில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது என்பதுபோல் ஏழுமலை என்னைப் பார்த்தான். நம் செஸ் வட்டத்தில் நயினாரோடு உட்கார்ந்து ஆடியவர்களுக்கு அது புரியும். மற்றவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

ஸ்ரீபால் நயினார் தனியார் பஸ் டிரைவர். சமணர், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், செங்கத்திலிருந்து வரும் அவர் வண்டி நம் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நிற்கும். மற்ற டிரைவர்கள் டீ குடித்துவிட்டுப் பீடி பற்றவைக்கும் அந்த இடைவெளியில் நானும் அவரும் ஓர் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். வேக ஆட்டம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. வண்டி கிளம்பியாக வேண்டும், அவ்வளவுதான். தேரடி வீதியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் இரண்டு டைம்பீஸ்களை ஒரே பலகையில் பொருத்தி, நடுவில் ஒரு குச்சி வைத்துக் கொடுத்தார். குச்சியைத் தள்ளினால் என்னுடையது நிற்கும், அவருடையது ஓடும். யாருடைய பெரிய முள் முதலில் பன்னிரண்டைத் தொடுகிறதோ அவர் தோற்றார்.

ஆடுவதைவிட அலசுவதுதான் அவருக்கு முக்கியம். வண்டியின் காலை நடையில் ஆட்டம். மத்தியான நடையில் அதே ஆட்டத்தின் அலசல். காய்களை முதலிலிருந்து அடுக்கி, நினைவிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்ட வேண்டும். தோற்றவன்தான் முதலில் பேச வேண்டும். அவன் முடிக்கும்வரை ஜெயித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி உண்டு: "இன்னா நெனச்ச இங்க?" அந்தக் கேள்வியை நயினார் கேட்டால் போலீஸ்காரர் கேட்பதுபோல் இருக்கும். நான் சும்மா நகர்த்தினேன் என்று சொல்லித் தப்பித்ததே இல்லை.

ஆரம்பத்தில் நான் எப்போதும் நேரத்தில்தான் தோற்றேன். என் மூளை மெதுவானது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். தினமும் அலசியதில்தான் விஷயம் வெளியே வந்தது. "நீ யோசிக்கிறது கம்மிதான் கேசவா. யோசிச்சு முடிச்சதயே திரும்பத் திரும்ப யோசிக்கிற. அது யோசன இல்ல, பயம். உன் நேரத்துல ஜாஸ்தி பயத்துக்குத்தான் போவுது" என்றார். இன்னொன்றும் சொல்வார்: "தோத்த எடத்துல தப்பத் தேடாத. அதுக்கு முன்னாடி, எல்லாம் நல்லா இருக்குதுன்னு நெனச்ச பாரு, அங்க தேடு." இதைக் கேட்டுக் கேட்டு நான் ஓரளவு ஆட்டக்காரன் ஆனேன். ஆனால் அந்த வாக்கியம் செஸ்ஸுக்கு வெளியிலும் பலிக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் அவர் தோற்ற ஆட்டத்தை அலசிக்கொண்டிருந்தோம். நடுவில் தன் குதிரையைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "இன்னா நெனச்சீங்க இங்க?" என்று கேட்டேன். "இத நான் நகர்த்துனனா?" என்றார். வயசாகிவிட்டது என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே நேரில் பார்த்தேன். அவர் நகர்த்த வேண்டிய முறை. கை மந்திரிக்கு மேல் நின்றது. கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. ஆழ்ந்து யோசிக்கிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன். அவருடைய டைம்பீஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, "குச்சியத் தள்ளலயா நீ?" என்றார். உங்கள் முறை என்றேன். அவர் கடிகாரத்தையே பார்த்தார். முள் நகர்ந்திருந்தது, அந்த நேரம் அவரிடம் இல்லை. வெளியே அவருடைய வண்டி நிறையச் சனத்தோடு நின்றது.

வேறு டிரைவரை அனுப்பிவிட்டு என் அறையிலேயே உட்கார்ந்தார். காலையில் செங்கத்தில் கிளம்பியதிலிருந்து, ஆட்டத்தை அலசுவதுபோல, ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். யார் ஏறினார்கள், எங்கே பிரேக் போட்டார் எல்லாம் வந்தது. ஏரிக்கரை வந்ததும் நின்றுவிட்டது. "ஏரிக்கர வளைவு தெரியுது. அப்புறம் ரயில்வே கேட்டு தெரியுது. நடுவுல யாருப்பா ஓட்டுனது?" என்றார். பிறகு வேலூரில் காட்டியபோது ஒரு பெரிய டாக்டர், இதுவும் வலிப்பில் ஒரு வகை, கீழே விழாத வலிப்பு என்றார்.

கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்களே இருந்தன. ஸ்பெஷல் வண்டிகளுக்கு டிரைவர் போதாத காலம். பஸ் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லப் போகும் வழியில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "மூட்டு வலின்னு சொல்லுங்க நயினாரே. பொண்ணுக்கு எடம் பேசிக்கினு இருக்கிறீங்க. வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா யாரு வருவாங்க?" என்றேன். நடந்துகொண்டே சொன்னார்: "மூட்டு வலின்னா கொஞ்ச நாள்ல சரியாப் போச்சான்னு கேப்பாங்க. சாவிய மறுபடி நீட்டுவாங்க. நானும் வாங்கிக்குவேன். அதான் பயம்."

முதலாளி நல்ல மனுஷர்தான். "தீபம் முடியட்டும், பாத்துக்கலாம். இத்தினி வருஷத்துல ஒரு ஆட்டுக்குட்டியக்கூட இடிச்சதில்லயே நீங்க" என்றார். நயினார் சாவியை மேஜைமேல் வைத்தார். "இடிக்காம எப்பிடி வந்தேன்னு எனக்கே தெரியல மொதலாளி" என்றார்.

பேசிக்கொண்டிருந்த இடம் பின்வாங்கியது. அவர் மகள் சுதர்சனா வெகுநாள் அவரோடு பேசவில்லை. அவர் டிக்கெட் புக்கிங்கில் உட்கார்ந்தார். பயந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள், குடி என்றும் சிலர் சொன்னார்கள். அந்தச் சிலரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு சுதர்சனாவுக்கு ஆரணியில் நல்ல இடம் அமைந்தது. நம் வட்டத்துக்கு நயினார் சாயங்காலங்களில் ஒழுங்காக வந்தார். "நான் அப்பிடி ஆயிட்டா கடிகாரத்த நிறுத்தாதீங்க. அதுவும் என் நேரம்தான்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, ஆள் இல்லாத பக்கத்தில் ஓடும் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். மாத்திரை சாப்பிட்டும் அந்த வலிப்பு வருஷாவருஷம் நீண்டுகொண்டே போனது. திரும்பி வராமல் போகும் நாளும் ஒன்று உண்டு என்று நாம் எல்லோரும் நினைத்தோம்.

கடைசித் திங்கட்கிழமை அது வரவே இல்லை. முழு ஆட்டமும் அவரே ஆடினார், நன்றாகவும் ஆடினார். ஆனாலும் நான் ஜெயித்தேன். காய்களை அடுக்கப் போனபோது அவர் ஜன்னலைப் பார்த்து எழுந்துவிட்டார். "பொழுது சாயுது. சாப்புடணும். நாளைக்கு அலசிக்கலாம்" என்றார். அலசலை ஒத்திப்போட்டது அதுவரை கிடையாது. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. சரி என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் சுதர்சனா என்னிடம் வந்தாள். முந்தின நாள்தான் ஆரணியிலிருந்து வந்திருக்கிறாள். "மாமா, நேத்து சாப்புடும்போது சந்தோஷமாத்தான் இருந்தாரு. தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன், காலைல கேசவன் கிட்ட சொல்லணும்னாரு" என்றாள். எங்கே என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லையாம்.

அவர் நினைவாக அந்த ஆட்டத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லா நகர்வும் நினைவிருக்கிறது. தினமும் மத்தியானம் செங்கம் வண்டி நிற்கும் நேரத்தில் காய்களை அடுக்கி நகர்த்திப் பார்க்கிறேன். அவர் எங்கே தவறினார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நன்றாகவே இருப்பதாகத்தான் தெரிகிறது. நம் விதிப்படி தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.