அம்மாவின் காலுக்கு ஒரு ஷூ

அம்மாவுக்கு ஷூ வாங்கக் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்குப் போன அன்று, சோல் எந்த அளவு வளையலாம், உள்ளே போன தண்ணீர் எப்படி வடிய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு பேருக்கும் அகத்தியர்கூடம் மலைக்குப் போக வனத்துறைப் பாஸ் கிடைத்திருந்தது. போணக்காட்டிலிருந்து காட்டுக்குள் மூன்று நாள் நடை.

பெண்களை விடாத காலத்திலிருந்தே அம்மாவுக்கு அந்த மலைமேல் ஒரு கண். விட ஆரம்பித்த பிறகு புற்றுநோய் வந்தது. கீமோ முடிந்து தலைமுடி முளைத்துவிட்டது. பாதம் மட்டும் மரத்தே கிடந்தது. "நடங்க, உணர்ச்சி திரும்பலாம்" என்றார் டாக்டர். மலை ஏறவே சொல்லிவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வலியசாலைத் தெருவில் தினமும் நடந்து பழகினோம். அம்மாவுக்குக் கனம் ஆகாது என்பதால் இரண்டு பேர் சாமானும் என் முதுகில்தான். அந்தக் கனத்துக்குப் பையில் அரிசியை நிரப்பிக்கொண்டேன்.

"ரேஷன் கடை அந்தப் பக்கமில்லையோடி இருக்கு? எங்க தூக்கிண்டு போறேள்?" என்றாள் எதிர்வீட்டு மாமி.

"அகத்தியருக்குச் சமைச்சுப் போட" என்றாள் அம்மா.

ஷூ கடைக்காரர் நாஞ்சில்நாட்டுக்காரர். அம்மாவின் காலைப் பார்த்ததும், "மெட்டியக் கழட்டீட்டுப் போட்டுப் பாருங்கம்மா. எறக்கம் எறங்கும்போ வெரலு முன்னால போயி இடிக்கும், கேட்டோ" என்றார்.

"அதைக் கழட்டற வழக்கமில்லே."

புருஷன் இருக்கும்வரை எங்கள் தெருவில் யாரும் கழற்றுவதில்லை. ஸ்கேனுக்காகத் தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டவள், மெட்டியை அப்போதும் விடவில்லை. விரல் பக்கம் அகலமான ஜோடியாகத் தேடி எடுத்தேன், கூடத் தடித்த சாக்ஸும்.

"இடிக்கறதாம்மா?"

"ஒண்ணும் தெரியலேடி. பஞ்சு மாதிரி இருக்கு."

அந்தப் பதிலை நம்பி வாங்கினோம்.

பழக்கிப் பார்க்கப் பொன்முடி மலைக்கு பஸ்ஸில் போய், வளைவு வளைவான ரோட்டில் நடந்தே இறங்கினோம். அம்மா என்னை முந்திக்கொண்டு போனாள். காட்டில் காலில் அட்டை ஏறினால் தேய்க்க உப்பா புகையிலையா என்று வழியெல்லாம் பேச்சு. அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து சாக்ஸை உருவினால், ஈரம். அன்றைக்கு மழையே இல்லை. மெட்டி பக்கத்து விரலை ஆழமாக அறுத்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அம்மா குனிந்து பார்த்தாள்.

"வலிக்கவே இல்லையே" என்றாள்.

விரல் வீங்கி மெட்டி இறுகியிருந்தது. அப்பா சோப்பு நுரையைக் கொண்டுவந்து கீழே உட்கார்ந்தார். அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"நான் இங்கதானேடி இருக்கேன்" என்றார் அப்பா. மெல்லத் திருகித் திருகி அவரே கழற்றினார்.

ஈரக் காட்டில், புண் வந்தாலும் தெரியாத காலோடு போகவே கூடாது என்றார் டாக்டர். இனி உணர்ச்சி வருமா என்று அம்மா கேட்டாள். இத்தனை நாள் கழித்து அது கஷ்டம் என்றார்.

"பாஸை வீணாக்காதே. நீ போயிட்டு வா" என்று மறுநாள் அம்மா சொன்னாள். அவளே என் பையைத் திறந்து, தன்னுடைய ரெயின்கோட், போர்வை, தட்டு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"தூக்கிப் பாரு. கனம் கொறஞ்சிருக்கோ?"

தூக்கினேன். தோளை எங்கும் இழுக்காமல் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது.

"குறைஞ்சிருக்கும்மா."

"அப்போ சரி" என்று பின்னால் வந்து வாரை இறுக்கிவிட்டாள்.