மாம்பழ ஜூஸும் வதனியின் கொக்கியும்

முந்தாநாள் என் கணினியில் டெர்மினல் எமுலேட்டருக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளைக் கோவை, எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிருந்தே நான் இயக்கும் தூரத்து இயந்திரத்துடன் தொடர்பு அறுந்தால் தானாகவே மீண்டும் இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்த நேரம் பார்த்து மகள் குசினிக்குள் மாம்பழ ஜூஸ் அடிக்கத் தொடங்கினாள். மெசின் உறுமிய மறுகணம் நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன்.

"என்னப்பா, பேயைக் கண்டமாதிரி?" என்றாள்.

பேய்தான். முப்பது வருடமாக என்னோடு குடியிருக்கிற பேய்.

கொக்குவிலில் ஒரு தனியார் கணினி வகுப்பில் நான் படிப்பித்த காலம் அது. போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் பேச்சில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பக்கத்துக் குளிர்பானக் கடையான கூல் பாரும் நாங்களும் சேர்ந்து ஒரு ஜெனரேற்றர் வைத்திருந்தோம். ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். அந்தப் புகை மணம் வந்தால் இன்றைக்கும் எனக்குப் பசிக்கும், கூடவே கூல் பாரின் ஏலக்காய் மணமும் வந்து பழகிவிட்டது. கடைக்காரர் சின்னராசா அண்ணை நல்ல மனிசன். ஆனால் அவர் ஜூஸ் மெசினைப் போட்டால் கரண்ட் ஒருதரம் தள்ளாடும். எங்கள் கணினி மயங்கி விழுந்து, முதலிலிருந்து எழும்பும். அதுவரை தட்டியதெல்லாம் போச்சு. இடையிடையே சேமிக்கவும் பயம். டிஸ்க்கில் எழுதும்போது கரண்ட் விழுந்தால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். புதிது கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் எனக்குத் தாடி நரைத்துவிடும்.

அப்படி ஒரு மயக்கத்தில் கணினியின் திரை கருகியே போனது. ஜேர்மனியிலிருந்து என் சொந்த அண்ணை முன்பு கொண்டுவந்து தந்த, பற்றரியில் ஓடும் சின்ன மடிக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது. புரோகிராம் ஓட்டும் பலம் அதற்கில்லை. பழைய ரெலிபோன் வயரால் இரண்டையும் இணைத்தேன். டெர்மினல் எமுலேட்டர் என்ற மென்பொருள், சின்னதைப் பெரியதின் கண்ணாகவும் கையாகவும் நடிக்க வைத்தது. தட்டுவது சின்னதில், வேலை நடப்பது பெரியதில், விடை தெரிவது மறுபடி சின்னதில். நான் ஏதோ விண்கலம் ஏவியவன்போல ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

என் நெஞ்சை இறக்கிவைத்தவள் வதனி. சண்டையால் மயிலிட்டியை விட்டு வந்து, சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறைக்குள் இருந்த குடும்பத்துப் பெண். என் மாணவி.

"அண்ணை, பெரிசுதானே மயங்குது? சின்னது முழிப்பாத்தானே கிடக்கு. நாங்கள் தட்டினதை அது ஞாபகம் வைச்சிருந்தால், பெரிசு எழும்பினவுடனை திருப்பிச் சொல்லிக் குடுக்காதோ?"

அந்த எமுலேட்டரில் நாமே ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்க்கலாம். இருவருமாக எழுதினோம். தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் சின்னது தன்னிடம் பதிந்துகொள்ளும். பெரியது எழும்பி முதல் அடையாளத்தை அனுப்பியதும், அதைக் கொக்கிபோட்டுப் பிடித்து, எல்லாவற்றையும் தானே திரும்பத் தட்டும். ஒரு குறை மட்டும் இருந்தது. தட்டிய பிழைகளையும் அழித்த அழிப்புகளையும்கூட அது ஒன்றுவிடாமல் ஒப்புவித்தது. அதை வடிகட்டும் வழி ஆசிரியருக்குத் தெரியவில்லை. ஆசிரியர் என்றால் நான்தான்.

வதனியின் செய்முறைப் பரீட்சை வந்தது. பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்புத் தொடங்க நிர்வாகம் சம்மதித்திருந்தது. ஆனால் சான்றிதழ் பெற்ற ஒரு பெண்தான் படிப்பிக்க வேண்டும் என்றார்கள். அவள் தேறினால் வகுப்பும் உண்டு, அவளுக்கு வேலையும் உண்டு. தேறாவிட்டால் இரண்டுமில்லை.

சின்னராசா அண்ணையிடம் முன்கூட்டியே கெஞ்சிவிட்டு வந்தேன். "பரீட்சை முடியுமட்டும் மெசினைத் தொடமாட்டன் தம்பி, சத்தியம்" என்றார். ஆனால் கல்யாண வீட்டார் சைக்கிள் சைக்கிளாக வந்து இறங்கி மாம்பழ ஜூஸ் கேட்டால் சத்தியம் என்ன செய்யும்? வதனி புரோகிராமைத் தட்டி முடிக்கிற நேரத்தில் சுவருக்கு அப்பால் மெசின் உறுமியது. கணினி விழுந்தது.

பெரியது எழும்பியது. வதனி கையை மடியில் வைத்திருக்க, திரையில் வரிகள் தாமாக ஓடத் தொடங்கின. கடுகடுத்த முகத்தோடு இருந்த பரீட்சகர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"உது என்ன? விடையை முன்னமே எழுதி வைச்சனீரோ?"

வதனி திரையைக் காட்டினாள். அங்கே அவள் விட்ட பிழை ஒன்று அப்படியே வந்தது. கொஞ்சம் தள்ளி அதைத் திருத்திய வரி வந்தது. பிறகு இன்னொரு பிழை.

"முன்னமே எழுதி வைக்கிறவள் பிழையையும் சேர்த்தே எழுதி வைப்பாள், சேர்?"

பரீட்சகர் கடைசி வரி வரும்வரை பார்த்தார். விடை சரியாக விழுந்தது. "பிழையை நீரே கண்டுபிடிச்சிருக்கிறீர். அது காணும், நீர் தேறிட்டீர்" என்றார். அன்று நான் பட்ட சந்தோசத்துக்கு சின்னராசா அண்ணையைக் கட்டிப்பிடித்திருப்பேன். அவர் கை முழுக்க மாம்பழமாக நின்றதால் விட்டுவிட்டேன்.

வதனி படிப்பித்த பெண்கள் வகுப்பு நிரம்பி வழிந்தது. பிறகு தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். அந்த அறையும், கூல் பாரும், ரெலிபோன் வயரும் போன இடம் தெரியாது. சின்னராசா அண்ணையையும் பிறகு நான் காணவில்லை. போய்ச் சேர்ந்த கொடிகாமத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் வதனி கணினியே இல்லாமல் வகுப்பைத் தொடர்ந்தாள். அந்தக் கொட்டிலும் இப்போது இல்லை. அது இருந்த காலத்தில் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பிள்ளை கரும்பலகையில் வரி வரியாக எழுத, இன்னொரு பிள்ளை கணினியாக நின்று அதன்படி செய்துகொண்டிருந்தாள். எழுதியவள் பிழை விட்டுவிட்டு, வெட்கத்தோடு அவசரமாகத் துடைக்கப் போனாள்.

கொட்டில் முழுவதும் ஒரே குரலில் கத்தியது: "ஏய், அழிக்காதை! கிடக்கட்டும்!"