ஏரியில் இறங்கச் சொன்னது நான்தான்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பத்தாவது படிக்கிறப்போ இன்னும் ஜாஸ்தி. பழவேற்காடு ஏரிப் பக்கத்துல எங்க பொண்ணுங்க ஸ்கூலுக்கு, சாகசப் பயிற்சி குடுக்கணும்னு மெட்ராஸ்லேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. துடுப்புப் படகு, கூடாரம், கயிறு ஏறுறதுன்னு ஒரு வாரம். "ஏரி யாருக்கு நல்லாத் தெரியும்?"னு அவங்க கேட்டு முடிக்கல, என் கை மேல போயிடுச்சு. "எங்க நைனாவுக்குச் சொந்த போட்டு இருக்குக்கா, அதுல போயிப் போயி பழக்கம்"னு அள்ளி வுட்டேன். அன்னிக்கே என்னை லீடராக்கிட்டாங்க.

போட்டாவது ஒண்ணாவது! நைனா அடுத்தவங்க போட்டுல கூலிக்குப் போறவரு. எனக்கு ஏரி தெரியும்னா அது எங்கம்மாவால. இடுப்பளவு தண்ணியில குந்தி, இறால் போடுற ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சிக்கினு, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி இறால் புடிக்கும் எங்கம்மா. லீவு நாள்ல நானும் கூடப் போவேன். ஆறாவது படிக்கிறப்போ ஒருத்தி, "சேறு நாறுது"ன்னு சொல்லி பெஞ்சுல நவுந்து உக்காந்தா. அன்னிலேர்ந்து நான் போட்டுக்காரர் பொண்ணு.

எங்க டீமுல ஆறு பேரு, மூணு படகு. என் படகுல முன்னாடி உக்காந்தவ காட்டூர்லேர்ந்து வர விவசாய வீட்டுப் பொண்ணு. கோ-கோல அவளை அடிச்சிக்க ஆளில்ல. நியாயமாப் பாத்தா லீடரா அவதான் இருந்திருக்கணும். ஆனா எனக்கு மொதல்ல கை தட்டுனதே அவதான். நான் இன்னா சொன்னாலும், "நீ சொன்னா சரிடி"ம்பா.

கடைசி நாள் போட்டி. ஏரி நடுவுல நட்ட கொடியச் சுத்திக்கினு எந்த டீம் மொதல்ல வருதோ, அந்த லீடருக்கு மலையில பத்து நாள் முகாம். ஸ்கூலுக்கு ஒரே ஒரு எடம். நான் பொன்னேரி தாண்டி எங்கயும் போனதில்ல. அந்த மலை எனக்கு வேணும். அவ்ளோதான்.

வெயில் காலம், ஏரி வத்திக் கெடந்துச்சு. பாதி வழியில மூணு படகும் தரை தட்டிப்போச்சு. தட்டினா யாரும் எறங்கக் கூடாது, விசில் ஊதணும், அக்காவோட மோட்டார் படகு வரும்னு காலையிலயே பத்துவாட்டி சொல்லியிருந்தாங்க. எதிர் டீம் எங்களுக்கு முன்னாடி போயிக்கினு இருந்துச்சு. எனக்குத் தலகால் புரியல. "எறங்குங்கடி! இழுத்துக்கினு போவலாம்"னு கத்துனேன்.

ஏரியில காலைத் தூக்கி வச்சு நடக்கவே கூடாது. அடியிலயே தேச்சுத் தேச்சு நவுரணும். சேத்துல கெளுத்தி படுத்திருக்கும். கால் வர்றது தெரிஞ்சா அதுவே ஓடிடும். மேல மிதிச்சா முள்ளு எறங்கிடும், வெஷ முள்ளு. எங்கூட்டுல இதை யாரும் யாருக்கும் சொல்றதில்ல, நடக்கக் கத்துக்கிறப்பவே காலுக்குப் பழகிடும்.

என் காலும் தானா தேச்சுக்கினு போச்சு. காட்டூர்க்காரி அதைப் பாத்துட்டுச் சிரிச்சா. "இன்னாடி நடை இது, செருப்பு அறுந்தவ மாதிரி?"ன்னா. மத்த நாலு பேரும் சிரிச்சாங்க. அப்போ சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனா அது இறால் தடவுறவங்க நடை. போட்டுல போறவளுக்கு இந்த நடை எப்படி வந்துச்சுன்னு கேட்டுடுவாளுங்களோன்னு பயம். "ஒண்ணுமில்ல, வழுக்குது"ன்னு டபாய்ச்சேன். அதோட வுட்டேனா? நானும் காலைத் தூக்கி வச்சு ரெண்டு அடி நடந்து காமிச்சேன். இப்போ நெனச்சாலும் என்னை நானே ரெண்டு அறையலாம்னு தோணுது.

அவ வயல்ல நடக்குற மாதிரி முட்டியைத் தூக்கி நடந்தா. பத்தடிகூட இருக்காது, "அம்மா"ன்னு ஒரு அலறல். உள்ளங்கால்ல முள்ளு ஒடைஞ்சு நின்னுது. அவளை முதுகுல தூக்கிக்கினு, விசிலை ஊதிக்கினே கரைப் பக்கம் நடந்தேன். பாதி வழியில அக்காவோட மோட்டார் படகு வந்து எங்களை ஏத்திக்கிச்சு. காலு வீங்கி, சீழ் வச்சு, ஜுரம் வந்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில கெடந்தா. ஒரு மாசம் நடக்கல.

நடக்க ஆரம்பிச்சதும் அவங்கப்பா தோளைப் புடிச்சிக்கினு ஸ்கூலுக்கு வந்தா. பெரிய டீச்சர் எங்க ஆறு பேரையும் ரூமுல நிக்க வச்சாங்க. "யாரு எறங்கச் சொன்னது? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" நான் குத்துக்கல்லு மாதிரி நின்னேன். மத்தவளுங்க தலையக் குனிஞ்சிக்கினாங்க.

"நானாதான் எறங்குனேன் மிஸ். என்னைப் பாத்துதான் மத்தவங்க எறங்குனாங்க"ன்னு அவ சொன்னா.

பெரிய டீச்சர் அவங்கப்பா எதிர்லயே அவளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. பொட்டப்புள்ளைக்கு இனிமே இந்த வெளயாட்டெல்லாம் வேணாம்னு அவரு சொல்லிட்டாரு. கோ-கோவும் போச்சு. போட்டி அன்னிக்கே பாதியில நின்னுபோனதால, பதறாம தூக்கியாந்தவதான் நெஜமான லீடர்னு அக்கா எழுதிக் குடுத்தாங்க. மலைக்கு எம்பேரு போச்சு.

மனசு கேக்கல. சனிக்கெழம பஸ்ஸு புடிச்சு காட்டூருக்குப் போனேன், எல்லாத்தையும் சொல்லிடறதுன்னு. அவங்கப்பா எனக்கு முகம் குடுத்துப் பேசல, மாட்டை அவுத்துக்கினு வெளிய போயிட்டாரு. அவ கட்டில்ல காலை நீட்டிக்கினு உக்காந்திருந்தா.

"ஏண்டி பொய் சொன்ன?"

"எனக்குத்தான் காலு போச்சு. நீயாவது மலையப் பாத்துட்டு வாடி." காலை மெல்ல நவுத்தி வச்சா. அப்புறம், "ஒண்ணு மட்டும் கேக்குறேன். அங்க முள்ளு மீனு கெடக்கும்னு உனக்குத் தெரியாதுல்ல?"

சொல்லத்தான் வந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு.

"தெரியாதுடி"ன்னேன்.

அவ மூஞ்சி தெளிஞ்சுபோச்சு. "எங்கப்பாகிட்ட நானும் அதான் சொன்னேன். தெரிஞ்சிருந்தா அவ சொல்லாம இருப்பாளான்னு."

மலைக்கு நான்தான் போனேன்.