வேலிக்குள் தண்ணீர் ஏற்றிய கதை

பம்பு ஓடுகிறவரை பைப்புக்காரன் பெயர் யாருக்கும் தெரியாது; நின்றுவிட்டால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மலாயாவில் அவசரகாலம் அது; காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட நேரம். பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், காட்டோரத் தொழிலாளர் லயங்களில் இருந்த எழுபது குடும்பங்களை மேட்டுக்கு மாற்றிச் சுற்றிலும் முள்வேலி போட்டுவிட்டார்கள். தண்ணீரோ கீழே ஓடையில். மத்தியானம் அரைமணி நேரம் கேட்டைத் திறப்பார்கள். அதற்குள் தூக்கிய இரண்டு டின்தான் குடிக்க, சமைக்க, பிள்ளை குளிப்பாட்ட. பத்தே நாளில் மேலே குழாயில் தண்ணீர் விழும் என்று சொல்லி அந்த வேலையைப் பேசி வாங்கினேன். படிப்பு மூன்றாவதோடு சரி. பேரம் பேச வரும். கோபம் அதைவிட நன்றாக வரும்.

துரை சொன்ன இடம்

பம்பை வேலிக்குள் மேலேதான் வைக்க வேண்டும் என்றார் தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரத் துரை. கீழே வைத்தால் காட்டில் இருப்பவர்கள் வந்து உடைத்துவிடுவார்களாம். ஓடையிலிருந்து மேடு அறுபது அடி. கீழே வைத்தால் அந்தப் பம்பு அறுபது அடி தள்ளும்; மேலே வைத்து இழுக்கச் சொன்னால் இருபத்தைந்து அடியிலேயே மூச்சு நின்றுவிடும். இதைச் சொன்னேன். "நீ பைப்பு போடு. இடம் நான் சொல்லும்" என்றார், அவர் கற்று வைத்திருந்த தோட்டத்துத் தமிழில்.

சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டு, அவர் சொன்னபடியே பூட்டினேன். எஞ்சின் இரண்டு மணி நேரம் புகை கக்கிக் கத்தியது. குழாய்க்கு அடியில் டின்னை வைத்துக்கொண்டு கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டும் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மூன்று பிள்ளைக்காரி. வெட்டுக்குப் போய்வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. கடைசியில் எழுந்து டின்னைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "புகையிலதான் சோறாக்கணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அண்ணே."

ஹாமிட்டின் கடமை

துரை இறங்கி வந்தார், பம்பும் இறங்கியது. ரோட்டோரம் மணல் மூட்டை அடுக்கி, சின்னதாக ஒரு வேலி போட்டு, அதற்குள் வைத்தோம். காவலுக்கு ஹாமிட் என்ற ஸ்பெஷல் போலீஸ். பக்கத்துக் கம்பம், அதாவது கிராமத்து மலாய்க்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழ் தண்ணீர்பட்டபாடு; முதலாளி என்பதற்கு மட்டும் 'தவுக்கே'. பம்பிலிருந்து ஒரு குழாய் வேலியைத் தாண்டி ஓடைக்குப் போனது.

முதல் நாள் மேலே தண்ணீர் விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நானும் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தேன். இரண்டாம் நாள் காலையில் வெறும் காற்று. பம்பில் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் பத்து நிமிஷம் இழுக்கும், பிறகு செத்துவிடும். அடிவால்வை மாற்றினேன். வாஷரை மாற்றினேன். இரண்டு நாள் எதிரே வந்தவனையெல்லாம் திட்டினேன். இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வியாதி அது.

நான்காம் நாள் ஒரு பீடியைப் பற்றவைத்து, புகையை ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போனேன். வேலியோரத்து இணைப்பில் புகை சுருண்டு உள்ளே போனது. கையால் தொட்டேன், நட்டு பொலபொலவென்று ஆடியது. யார் கழற்றினது என்று நான் போட்ட சத்தத்தில் கித்தா மரத்துக் குருவியெல்லாம் பறந்தது. ஹாமிட் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு நிதானமாக வந்தார். காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று, வேலியைத் தாண்டி அரிசி போகக் கூடாது என்பது சட்டம். வேலியைத் தாண்டிப் போவது குழாய் ஒன்றுதான். அதனால் தினமும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையாலேயே முடுக்கி வைத்திருக்கிறார். "காலையில ஏழு மணிக்கு டாண்ணு தொறந்து பாக்குறேன் தவுக்கே, இன்னை வரைக்கும் ஒரு மணி அரிசி வரல லா."

கம்பிக்கு இவ்வளவு

அடுத்து பட்டாளத்து அதிகாரி வந்தார். ரோட்டுக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் கல்வர்ட் நாலடி அகலம். அதற்குள் ஆள் ஒளிந்து வெடி வைக்கலாமாம். கல்வர்ட்டின் வாயில் கம்பி அடிக்கச் சொன்னார். ஆள் நுழையக் கூடாது என்றாரே தவிர, எத்தனை கம்பி என்று சொல்லவில்லை. நான் கம்பிக்கு இவ்வளவு என்று பேசி முடித்தேன். எட்டுக் கம்பி போதும். நான் அடித்தது இருபத்து நான்கு. அளக்க வந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினார். "ஏங்க காண்ட்ராக்டரே, இனிமே தண்ணியும் பாஸ் வாங்கிக்கிட்டுத்தான் போகணுமா?"

எண்ணிப் போட்டதும் எண்ணி எடுத்ததும்

கித்தா மரம் இலை கொட்டும் மாதம். இலை கொட்டி முடிய, மழையும் பிடித்துக்கொண்டது. தோட்டத்துச் சருகெல்லாம் ஓடையில் மிதந்து வந்து, என் இருபத்து நான்கு கம்பியில் மெத்தை மாதிரி படிந்தது. வழியில்லாத தண்ணீர் பின்னுக்கு ஏறி மணல் மூட்டையைச் சாய்த்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஹாமிட் மூட்டைமேல் நின்றிருந்தார். எஞ்சின் மூழ்கிப்போய் அதன் புகைக்குழாய் மட்டும் வெளியே தெரிந்தது. மேலே எழுபது வீட்டுக்கும் மறுபடி அரைமணி நேரக் கேட்டு, மறுபடி இரண்டு டின்.

திட்டுவதற்கு ஆள் தேடினேன். துரைமேல் தப்பில்லை, ஹாமிட்மேல் தப்பில்லை, பட்டாளத்துக்காரர் கேட்டதோ ஆள் நுழையாத சந்து. என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. தண்ணீரில் இறங்கிச் சருகை வாரிப் போட்டுவிட்டு, இடுப்பளவில் நின்று ஆக்ஸா பிளேடால் கம்பியை அறுக்கத் தொடங்கினேன். மூன்றுக்கு இரண்டு போனால்தான் தண்ணீருக்கு வழி. உள்ளங்கை தோல் உரிந்தது. மேலே ரோட்டில் பெண்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், கேட்டு மூடுவதற்குள் போயாக வேண்டும். அத்தனை அவசரத்திலும் அஞ்சலை இரண்டு கையிலும் டின்னோடு ஒரு நிமிஷம் நின்று குனிந்து பார்த்தாள். "சத்தமா எண்ணிக்கிட்டே அறுங்க அண்ணே, போடும்போது எண்ணினீங்கல்ல."

எஞ்சினைப் பிரித்துக் காயவைத்து மூன்றாம் நாள் மேட்டில் மறுபடி தண்ணீர் விழச் செய்தேன் என்றாலும், மூலைக்கு மூலை வேலி போட்டு ஆட்களைத் தடுத்த அந்தக் காலத்தில் தண்ணீரையே தடுத்துக் காட்டியவன் நான் ஒருவன்தான் என்பதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.