பிடுங்கக் கூடாத முள்

பூதலூர் பக்கம் எங்கள் வயல்பாதை முழுக்கக் கருவேல முள். டியூப் டயருக்குப் பஞ்சர் ஒட்டியே அலுத்துப்போய், புது பைக்கை டியூப்லெஸ் டயராகப் பார்த்து வாங்கினேன்.

போன குறுவையில் களை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. அவளைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன். வழியில் முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால், டயரில் விரல் நீள முள். பழைய பழக்கத்தில் கை தானாக முள்ளுக்குப் போனது.

பக்கத்து வயலில் நின்ற என் பெரியப்பா மகன் கத்தினார்: "டேய், புடுங்காத! டியூப்லெஸ்ல முள்ளுதான்டா அடைப்பு. அப்படியே ஓட்டு!"

அந்தப் பாதைக்காகத்தான் அவருக்கும் எனக்கும் கோர்ட்டில் வழக்கு. முள்ளும் அவர் வேலிக்கு வெட்டிப்போட்டது. அவர் சொல்லி நான் கேட்பதா? பிடுங்கினேன். புஸ்ஸென்று காற்று இறங்கிச் சக்கரம் படுத்துவிட்டது.

என்னைத் திட்டிக்கொண்டே தன் பழைய வண்டியை எடுத்துவந்தார். "ஏறும்மா, பயப்படாத" என்று அவளை நடுவில் உட்காரவைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள்.

இப்போது முள் தைத்தால் தொடாமல் பஞ்சர் கடை வரை ஓட்டிப் போகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா அன்று இருவரும் என் பைக்கில்தான் கோர்ட்டுக்குப் போகிறோம்.