ஜெர்மன் விருந்தாளிக்குச் சோடா

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம், வெளிநாட்டுக்குப் போன நம்மவர்கள் தொடங்கும் தொழில்களுக்கு வாங்குபவர்களையும் கைகொடுப்பவர்களையும் தேடித் தருகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிமிரும்.

நான் தனியாக இணைத்து வைத்தது இரண்டு பெண்களை. ஒருவர் வட்டகொடையில் பிறந்து, கல்யாணமாகி சுவிஸ் போன அக்கா. சேமிப்பில் ஊரிலேயே ஒரு சிறு தேயிலைக் காணி வாங்கி, பெண்கள் சிலரைக் கொண்டு கொழுந்தை வதங்கவிட்டு, கையாலேயே சுருட்டித் தேயிலை செய்தார். அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். மற்றவர் ஜெர்மனியில் தேயிலைக் கடை வைத்திருக்கும் அம்மையார். அதற்கு முன் கேட்ட கடைகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. இவரும் வேண்டாமென்றால் காணியை விற்றுவிடுவதாக அக்கா என்னிடம் சொல்லியிருந்தார்.

காணியைப் பார்த்துவிட்டு இருவரும் தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தட்டில் ஏந்தி வந்தது ஆரஞ்சு சோடா.

“அம்மா, அவங்க நம்ம தேயிலைய குடிச்சுப் பாக்க வந்திருக்காங்க,” என்று கிசுகிசுத்தேன்.

“அவ்வளவு தூரத்துலருந்து வந்தவங்களுக்குச் சாயத்தண்ணியா குடுப்பாங்க? படிச்சிருக்க, மரியாத தெரியல ஒனக்கு.” சாயத்தண்ணி என்பது நாங்கள் தினமும் குடிக்கும் பாலில்லாத தேநீர்.

அக்கா சிரித்துவிட்டார். “எனக்குச் சோடா வேணாங்க அக்கா. நான் என்ன விருந்தாளியா? சாயத்தண்ணி ஊத்துங்க.”

“சுவிஸுக்குப் போயும் இந்த வாயி மட்டும் மாறல தங்கச்சி,” என்றபடி அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார்.

கடைக்கென்று கட்டி வைத்த பொட்டலத்தைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் வெட்டினேன். இவ்வளவு நாள் சுருட்டியும் அம்மா அந்தத் தேயிலையைக் குடித்ததில்லை. வீட்டில் எப்போதும் கடுஞ்சாயம் இறங்கும் மலிவான தூள்தான். அம்மையார் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். அம்மாவும் குடித்தார்.

“வாசம் நல்லாருக்கு. ஆனா சாயமே எறங்கலியே. வெந்நி மாதிரி இருக்கு.”

என்ன சொல்கிறார் என்று அம்மையார் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவின் முகம் வெளிறியது. நல்லதாக நாலு வார்த்தை சொல்லத் தேவையான ஆங்கிலம் என்னிடம் இருந்தது. ஆனால் தன் கைவேலையைப் பற்றி அம்மா முதன்முதலாகச் சொன்னதை மாற்ற எனக்கு வாய் வரவில்லை. வெந்நீரையும் சேர்த்து அப்படியே சொன்னேன்.

அம்மையார் சிரித்தார். அந்த வாசத்துக்காகத்தான் தன் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், கடுஞ்சாயம் அவர்களுக்கு ஆகாது என்றார். பிறகு கோப்பையை அம்மாவிடம் இன்னும் ஊற்றச் சொல்லி நீட்டிக்கொண்டே அக்காவிடம் ஏதோ ஜெர்மனில் சொன்னார். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“என்னடி, நான் ஏதும் தப்பா பேசிட்டேனா?” அம்மா பதறினார்.

“இல்லக்கா,” என்றார் அக்கா கண்ணைத் துடைத்தபடி. “இந்த வருசம் நாம செய்யிறது பூராவும் அவங்களே எடுத்துக்கிறாங்களாம்.”

அம்மா எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்.

“அப்போ நாளைக்கு மழ வராம இருக்கணும். நனஞ்ச கொழுந்து லேசுல வதங்காது.”